உழுபொறியின் ஓசை

உழவர் வீட்டு எருது நோயுற்றால் அது தன் நோயை வாய் திறந்து கூறுவதில்லை. தீனி எடாது, அசை போடாது, காதைத் தொங்கவிட்டு நிற்கும். அவ்வளவே. அக்குறிகளைக் கண்டு நோயை அறிந்துகொள்ளும் பொறுப்பு அதனை வளர்ப்பவரைச் சார்ந்தது. எருது நின்ற இடத்தில் இன்று டிராக்டர் என்னும் உழுபொறி நிற்கின்றது. உயிரற்ற அப்பொறிக்கும் நோய் உண்டு. அந்நோய்க்குக் குறிகளும் உண்டு. அக்குறிகளுள் தலைமையானது ஓசை. எருதுக்கு இல்லாத ஒரு நலம் பொறிக்கு உண்டு என்றே கூறலாம். அது தன் நோயை இடைவிடாமல் உரத்த குரலில் சொல்லிக்கொண்டே ஓடுகின்றது. கேட்பார்தாம் குறைவு.

பழைய டிராக்டர் ஒன்று இதுவரை இல்லாத ஓசையை எழுப்பத் தொடங்கினால், அதனை உடையவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையாக நடந்துகொள்கின்றனர். ஒரு சாரார், ஓடும் வரையில் ஓடட்டும் என்று வாளா இருப்பர். மற்றொரு சாரார் அஞ்சிப் பட்டறைக்கு ஓடி, எஞ்சினை முழுவதும் பிரித்துப் போடச் சொல்வர். முன்னவர் சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய பழுதைப் பல்லாயிரமாக வளர்த்துக்கொள்வர். பின்னவர் இல்லாத பழுதுக்குப் பல்லாயிரம் கொடுப்பர். இருவர் செயலும் ஒரு குறையினின்றே தோன்றுகின்றது. ஓசை அவர்கள் காதில் விழுந்தது, அறிவில் விழவில்லை. ஓசையை ஆராய்ந்து பழுதின் இடத்தைக் காண்பது ஒரு கல்வி. எண்ணெய் படிந்த கையினர் அக்கல்வியை உடையவராக இருக்கின்றனர் என்பதனால் அது தாழ்ந்த கல்வி ஆகிவிடாது.

செவியால் குற்றம் அறிதல் புதிய வழக்கமும் அன்று. சந்தையில் மண்பானை வாங்கும் தாய்மார், விரலை மடக்கிச் சுண்டிப் பார்த்த பின்னரே விலை பேசுவர். கணீரென்று ஒலிப்பது நல்ல பானை. மங்கி ஒலிப்பது கீறல் விழுந்த பானை. மேனாட்டு மருத்துவமும் இவ்வழியிலேதான் ஒரு படி ஏறிற்று. வியன்னா நகரத்து மருத்துவர் ஆவன்புருக்கர் என்பவர், நோயாளியின் மார்பை விரலால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு உள்ளிருக்கும் நோயை அறியும் முறையை 1761-ஆம் ஆண்டில் நூலாக எழுதி வெளியிட்டார். அவர் தந்தையார் விடுதி நடத்தியவர். பீப்பாயைத் தட்டிப் பார்த்து உள்ளே மது எம்மட்டம் இருக்கின்றது என்று அறியும் வழக்கத்தை இளமையிற் கண்டதே அம்முறைக்கு வித்தாயிற்று என்பர். பின்னர் 1816-ஆம் ஆண்டில் பாரிசு நகரத்து மருத்துவர் லென்னெக் என்பவர், தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையை நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்து நெஞ்சத் துடிப்பைக் கேட்டார். அத்தாட்குழலே வளர்ந்து இன்று மருத்துவர் கழுத்தில் தொங்குகின்றது. ஊர்ப்பட்டறையில் நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, அதன் பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்கும் தொழிலாளர் செய்வதும் இதுவே. மருத்துவர் செய்தால் ஆராய்ச்சி, பட்டறைக்காரர் செய்தால் வெறும் கைப்பழக்கம் என்பது நடுநிலை ஆகாது.

தமிழ் இலக்கணம் கற்றோர்க்கு இம்முறை வியப்பளிக்க வேண்டியதில்லை. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்றே ஓர் இயல் வகுத்திருக்கின்றார். உந்தியினின்று எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் தொழிலால் வேறுவேறு எழுத்தொலியாகப் பிறக்கும் என்பது அவர் கண்ட உண்மை. ஓர் ஒலி கேட்டால், அஃது எவ்விடத்தில் பிறந்தது, எம்முயற்சியால் பிறந்தது என்று வினவுதலே அவ்வியலின் நெறி. உழுபொறியின் ஓசைக்கும் கேட்க வேண்டிய வினாக்கள் இவையே.

நோயின் ஓசையை அறியுமுன் நலத்தின் ஓசையை அறிதல் வேண்டும். டிராக்டரில் இருப்பது பெரும்பாலும் டீசல் எஞ்சின். அதனை ஆக்கிய ருடால்பு டீசல் என்னும் செருமானியப் பொறியாளர் 1897-ஆம் ஆண்டில் அதனை வெற்றியுற இயக்கிக் காட்டினார். அதில் தீப்பொறி தரும் கருவி இல்லை. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழப் பதினேழில் ஒரு பங்காக நெருக்குகின்றது. அந்நெருக்கத்தால் காற்று 500 பாகைக்கு மேல் வெப்பமடைகின்றது. அவ்வெப்பத்தில் பீச்சப்படும் எண்ணெய் தானே பற்றி வெடிக்கின்றது. ஆதலின் டீசல் எஞ்சினுக்கு அடித்தாற்போன்ற ஓசை பிறவிக் குணம். மார்கழிக் காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் எண்ணெய் பற்றுவதற்குச் சற்றுக் காலந்தாழ்கின்றது. அதற்குள் சேர்ந்துவிட்ட எண்ணெய் ஒருங்கே வெடிப்பதால் ஓசை மிகுகின்றது. சூடேறியதும் தணிகின்றது. இதனைப் பழுதென்று கருதி எஞ்சினைப் பிரிப்பவர், குளிரில் இருமும் குழந்தைக்கு நெஞ்சைப் பிளந்து மருத்துவம் செய்பவரை ஒப்பர்.

இயல்பான ஓசைக்கு ஒரு தாளமும் உண்டு. எஞ்சின் நிமிடத்திற்கு 600 சுற்று சுழல்வதாகக் கொண்டால், நொடிக்கு 10 சுற்று ஆகின்றது. நான்கு அடி எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். ஒவ்வொரு வால்வும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை திறக்கும். ஆகவே வால்வைச் சார்ந்த ஓசை நொடிக்கு 5 முறை கேட்கும். கிராங்குத் தண்டையும் அதன் பேரிங்கையும் சார்ந்த ஓசை பெரும்பாலும் நொடிக்கு 10 முறை கேட்கும். இவ்வளவு விரைவை எண்ணிக் காண்பது அரிது. ஆயினும் தாளம் பழகிய செவி, முதற்காலத்தையும் இரண்டாங்காலத்தையும் பிரித்தறிவதுபோல, ஒன்றுக்கு இரண்டு என்னும் அளவை உணர்ந்துவிடும். மிருதங்கம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பட்டறையில் ஓர் ஆசனம் உரியது என்று கூறினால் அது வேடிக்கைப் பேச்சன்று.

இனி, இடம் காணும் வகையைப் பார்ப்போர்க்குச் சில நோய்கள் எளிதில் புலப்படும். எஞ்சினின் தலைப்பகுதியில், மூடியின் கீழே, டிக்டிக் என்று மெல்லென ஒலித்து மெதுவான தாளத்தில் நடப்பது பெரும்பாலும் வால்வை அழுத்தும் உறுப்பின் இடைவெளி அகன்றதனால் வருவது. அவ்விடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நான்கில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ இருக்கும். பொறிக்குப் பொறி மாறும். மெல்லிய தகட்டளவியைச் செருகி ஒரு நட்டைத் திருப்பினால் முடிந்துபோகும் வேலை அது. இதற்கு நேர் எதிரானது, எஞ்சினின் அடிவயிற்றிலிருந்து கனத்துப் புறப்படும் டொக்டொக் என்னும் ஓசை. கலப்பை மண்ணில் ஆழ இறங்கிச் சுமை ஏறும்போது அது வலுக்கும். உடனே எண்ணெய் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தால் அது தாழ்ந்திருப்பதும் உண்டு. கனெக்டிங் ராடின் பேரிங்கு தேய்ந்ததற்கு அஃது அடையாளம். அவ்வோசை கேட்ட பின்னும் இந்த ஒரு சால் முடியட்டும் என்று ஓட்டுபவர், அச்சாலின் முடிவில் கிராங்குத் தண்டையே இழக்க நேரிடும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது மிகவும் மயக்கம் தருவது. ஒரு சிலிண்டரில் மட்டும் கூர்மையாகச் சம்மட்டி அடிப்பது போன்ற ஓசை எழுகின்றது என்று கொள்க. நாசில் கெட்டு எண்ணெயைத் துளியாகக் கொட்டுவதனாலும் அவ்வோசை வரலாம். பேரிங்கு தளர்ந்தமையாலும் வரலாம். முன்னதன் செலவு சிறிது. பின்னதன் செலவு பெரிது. தேர்ந்த தொழிலாளர் இங்கே கண்டபடி கை வைப்பதில்லை. எஞ்சின் மெல்ல ஓடும்போது, எண்ணெய்க் குழாய்களின் இணைப்பு நட்டை ஒவ்வொன்றாகச் சற்றுத் தளர்த்தி, அந்தந்தச் சிலிண்டருக்கு எண்ணெய் செல்வதைத் தடுக்கின்றார். எதனைத் தளர்த்தியபோது ஓசை மாறுகின்றதோ, அச்சிலிண்டரே குற்றமுடையது. ஆயினும் அது நாசிலின் குற்றமா, பேரிங்கின் குற்றமா என்பது இன்னும் விளங்கவில்லை. எண்ணெய் நின்றால் வெடிப்பும் நிற்கின்றது. வெடிப்பு நின்றால் பேரிங்கின் மேல் சுமையும் குறைகின்றது. இரண்டு நோய்க்கும் இவ்வொரு சோதனை ஒரே விடையைத் தந்துவிடுகின்றது. அதனால் எஞ்சினை நிறுத்தி, அச்சிலிண்டரின் நாசிலை அடுத்த சிலிண்டரிலும், அடுத்ததன் நாசிலை இதிலும் மாற்றிப் பொருத்துகின்றார். மீண்டும் கிளப்பும்போது ஓசை நாசிலோடு இடம் பெயர்ந்தால் நாசிலே குற்றவாளி. பழைய இடத்திலேயே நின்றால் பேரிங்கை ஐயுற வேண்டும். அளவை நூலார் உடன்பாட்டாலும் எதிர்மறையாலும் காரணம் காண்பது என்று எதனைக் கூறுகின்றனரோ, அதுவே வேப்பமரத்தடியில் இருபது நிமிடத்தில் நடந்தேறிவிடுகின்றது. அந்த நட்டைத் தளர்த்தும் வேலையை மட்டும் பழகாதவர் செய்தல் ஆகாது. அக்குழாயிலிருந்து பீறிடும் எண்ணெய், தோலைத் துளைத்து உட்புகும் அளவுக்கு அழுத்தம் உடையது.

பேச்சுத் தமிழில் இரட்டைக்கிளவிக்கு இருக்கும் வளம் இவ்விடத்தில் பெரிதும் பயன்படுகின்றது. பட்டறைக்கு வரும் பலர், "ஏதோ சத்தம் கேட்கிறது" என்று மட்டும் கூறி நின்றுவிடுகின்றனர். ஏதோ என்னும் சொல்லைக் கொண்டு எந்த நோயையும் காண இயலாது. கடகட என்றால் தளர்ந்தது ஒன்று ஆடுகின்றது. நறநற என்றால் பற்சக்கரம் பொருந்தாமல் அரைபடுகின்றது. கிறீச்சென்று நீண்டால் பட்டையோ, நீரிறைக்கும் பம்போ, டைனமோவோ காரணமாகலாம். எஞ்சினை நிறுத்திப் பட்டையைக் கழற்றிவிட்டுச் சிறிது நேரம் மட்டும் ஓட்டினால், ஓசை நின்றதா இல்லையா என்பது அதனைத் தீர்த்துவிடும். கலப்பையைத் தூக்கும்போது மட்டும் ஊளையிட்டால் ஹைட்ராலிக் எண்ணெய் குறைந்திருக்கலாம், வடிகட்டி அடைத்திருக்கலாம். கிளச்சை மிதிக்கும்போது தோன்றும் ஓசையும், மிதிக்கும்போது மறையும் ஓசையும் ஒன்றல்ல: முன்னது கிளச்சின் பேரிங்கைக் காட்டும், பின்னது பெரும்பாலும் கியர்ப் பெட்டியின் முன் பேரிங்கைக் காட்டும். எப்போது, எந்த வேகத்தில், எச்சுமையில், சூடேறுமுன்னா ஏறிய பின்னா என்று சொல்லத் தெரிந்த உழவரைப் பட்டறையில் எவரும் எளிதில் ஏமாற்ற இயலாது. அவர் சொற்களே அவர் பணத்தைக் காக்கின்றன.

பேரிங்கு, கிளச்சு, நட்டு, போல்ட்டு என்னும் சொற்களைக் கேட்டு முகஞ்சுளிக்கும் தமிழன்பரும் உளர். அச்சொற்களின் இறுதியில் உகரம் வந்து சேர்ந்திருப்பதை அவர்கள் நோக்குவாராக. வல்லின மெய்யில் சொல் முடிதல் தமிழுக்கு இயல்பன்று என்பதை, இலக்கணம் படியாத தொழிலாளரின் நாவே அறிந்து உகரம் சேர்த்துவிட்டது. நல்ல தமிழ்ச்சொல் ஆக்குவோர் ஆக்கட்டும். அதுவரை தொழிலாளர் வழங்கும் சொல்லை இகழ்வதில் பயன் இல்லை.

ஓசை எல்லாம் எஞ்சினிலிருந்தே வருவதும் இல்லை. மட்காப்புத் தகட்டின் ஒரு போல்ட்டு தளர்ந்தால் அது கியர்ப் பெட்டி உடைந்ததுபோல் அதிரும். கருவிப் பெட்டிக்குள் கிடக்கும் ஸ்பேனர் ஒன்று உருண்டு மோதி, உடையவரின் உறக்கத்தைக் கெடுத்ததும் உண்டு. ரொட்டவேட்டரைச் சுழலவிட்டவாறே மிக உயரத் தூக்கினால், அதனை இணைக்கும் தண்டின் மூட்டுகள் பெருங்கோணத்தில் மடங்கிப் படபடவென்று அடித்துக்கொள்ளும். அது பொறியின் குற்றம் அன்று, ஓட்டுபவரின் குற்றம். தலையாய பழுதை ஐயுறுமுன் கடையாய போல்ட்டை ஆட்டிப் பார்ப்பதே முறை.

ஓசை எழுந்தால் நோய், அடங்கினால் நலம் என்று எண்ணுவது இவை எல்லாவற்றினும் பெரிய மயக்கம். வால்வின் இடைவெளியை அறவே இல்லாதபடி இறுக்கிவிட்டால் டிக்டிக் என்னும் ஓசை நின்றுவிடும். ஆனால் வால்வு தன் இருக்கையில் முற்றும் அமராமல், வெப்பம் தணியப்பெறாமல், சில நாளில் எரிந்துபோகும். சிறிது ஒலிக்கும் வால்வு நெடுநாள் வாழும். ஒலியே இல்லாத வால்வைத்தான் ஐயுற வேண்டும். பழைய டிராக்டரை விற்போருள் சிலர், பேரிங்கின் ஓசை வெளியே கேளாதிருக்கத் தடித்த எண்ணெயை ஊற்றி, எஞ்சினை முன்னதாகவே சூடாக்கி வைப்பதும் உண்டு. வாங்குபவர் வரும்போது பொறி பூனைபோல் அமைந்து நிற்கும். அவர் கடன் வாங்கிய பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு ஓட்டிச் செல்வார். இரண்டு மாதத்தில் ஓசை திரும்பும். கடன் மட்டும் தீராது நிற்கும். இதனை வாணிகத் திறம் என்று சிலர் பாராட்டுகின்றனர். நோயாளியின் வாயைப் பொத்தி அவனை நலமுடையவன் என்று காட்டுவது திறமாயின், இதுவும் திறமே. பழைய பொறி வாங்கப் போகின்றவர், குளிர்ந்த எஞ்சினைத் தம் முன்னிலையில் கிளப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். தொட்டுப் பார்த்து அது முன்பே சூடாக இருந்தால், மறுநாட் காலையில் வருவதாகக் கூறிவிட வேண்டும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று கேட்பவர் காவிரிப் பாசனப் பகுதியைப் பருவத்தில் பார்த்தவராக இரார். மேட்டூர் அணையைச் சூன் 12-ஆம் நாளில் திறப்பது மரபு. கால்வாயில் நீர் வந்த பின் சேற்றுழவுக்குக் கிடைக்கும் நாள்கள் சிலவே. சொந்த டிராக்டர் இல்லாதவர் மணிக்கு இவ்வளவென்று வாடகை பேசிக் காத்திருப்பர். 1960-ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற டாஃபே நிறுவனத்தின் மாசி பெர்கூசன் பொறிகள் போன்றவை, பல கை மாறி, பல பத்தாண்டுகள் கடந்தும் இவ்வேலையைச் செய்துவருகின்றன. அத்தகைய பழைய பொறி ஒன்று நடுவயலில் நின்றுவிட்டால், நிற்பது ஒருவர் உழவு மட்டும் அன்று. அடுத்தடுத்துக் காத்திருக்கும் நாலைந்து குடும்பங்களின் நடவும் தள்ளிப்போகும். நாற்று முதிரும், நீர் முறை மாறும். ஒரு வாரத்துக்கு முன்னரே அடிவயிற்றில் எழுந்த ஓசையை ஒருவர் கேட்டிருந்தால் இவை நேரா.

புதிய டிராக்டர்களுள் சில தம் பழுதைத் திரையில் எழுத்தாகவே காட்டிவிடுகின்றன. பழையவற்றுக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஓசையைக் கைப்பேசியில் பதிவு செய்து தொலைவிலுள்ள பட்டறைக்கு அனுப்பும் வழக்கமும் இன்று பரவியிருக்கின்றது. அது நல்லதே. ஆயினும் கைப்பேசி, கனத்த தாழ்ந்த ஓசையைச் சரியாகப் பற்றுவதில்லை. ஓசை பிறந்த இடத்தையும் அது காட்டாது. பதிவைக் கேட்டவர் கூறும் விடை ஓர் ஊகம் என்ற அளவில் கொள்ளத்தக்கது. பொறியின் அருகே சென்று திருப்புளியை ஊன்றிக் கேட்பதற்கு அது மாற்றாகாது. அவ்வாறு கேட்பவர் தோளில் துண்டும் காலில் தழையும் வேட்டியுமாகச் சுழலும் விசிறியின் பக்கம் செல்லுதல் கூடாது என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

வருந்தத்தக்க ஒன்று இதில் உண்டு. எந்தச் செவி பொறியின் நோயை அறிகின்றதோ, அந்தச் செவியையே பொறி கெடுக்கின்றது. 85 டெசிபெல் அளவுள்ள ஓசையை நாள்தோறும் எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்பது செவிக்குத் தீங்கு என்பது அறிஞர் கண்ட வரம்பு. கூண்டில்லாத பழைய டிராக்டரில் ஓட்டுநரின் காதருகே எழும் ஓசை சுமை ஏறியபோது அவ்வரம்பைக் கடந்துவிடுவது பெரும்பான்மை. முதலில் போவது உயர்ந்த மெல்லோசைகளைக் கேட்கும் ஆற்றல். வால்வின் டிக்டிக் ஓசையும் பட்டையின் கிறீச்சும் அவ்வினத்தனவே. இருபது ஆண்டு ஓட்டியவர் தம் பொறி முன்னினும் அமைதியாக ஓடுகின்றது என்று மகிழ்ந்து கூறினால், பொறியைப் பார்ப்பதற்கு முன் அவர் காதைப் பார்ப்பது நலம். பஞ்சை அடைத்துக்கொள்வது போதிய காப்பாகாது. காதை முழுதும் மூடும் காப்புறைகள் கடைகளில் கிடைக்கின்றன. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் உறையின்றிச் சிறிது நேரம் நின்று, மேலும் கீழும் முன்னும் பின்னும் கேட்டுவிட்டு, பின்னர் உறையை அணிந்துகொண்டு வயலில் இறங்குவோர் இன்னும் மிகச் சிலரே.